சேராத கை

ஓசூர் சபையின் தகரக் கூரைமேல் ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. சாட்சி சொல்ல எழுந்த ரூபனின் இடது கையில் வெள்ளைக் கட்டு. கம்பெனியில் பிரஸ் மெஷின் நான்கு விரல்களைக் கொண்டுபோய் ஒரு மாதம் ஆகிறது. வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது மறந்துபோக, "உசுரோட இருக்கறேன், ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்கிறான். "கரம் தட்டி ஆண்டவருக்கு நன்றி சொல்லுவோம்" என்கிறார் போதகர், எப்போதும்போல. சபை தட்டுகிறது. ரூபனின் வலது கையும் பழக்கத்தில் எழும்பி, சேர இடமில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்ட போதகரின் கைகள் ஓய்கின்றன. பக்கத்தில் நிற்கும் வெல்டர் திம்மப்பன், "இல்லி தட்டப்பா", இங்கே தட்டு என்று கன்னடத்தில் சொல்லி, காய்ப்பேறிய தன் உள்ளங்கையை அவன் முன்னே விரிக்கிறார். ரூபன் தட்டுகிறான். முதல் தட்டு மெதுவாக விழுகிறது. அடுத்ததில், இடது கைக் கட்டுக்குள் இல்லாமல் போன அந்த நான்கு விரல்களும் சுரீரென்கின்றன.