எலும்பு பொய் சொல்லாது

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா," என்றான் அந்தப் பெண்ணின் கணவன், கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

அந்த மருத்துவமனையில் நான் நர்ஸாகச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவளுடைய கையை நான்தான் தாங்கிப் பிடித்திருந்தேன். நரம்பும் அடிபட்டு, மணிக்கட்டு துவண்டு தொங்கியது. அவனோ செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி கை தொங்குகிறது, இவனுக்கு செல்போன் கேட்கிறதா?

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார்.

"விழுந்தா மேல்கை எலும்பு பெரும்பாலும் தோள்கிட்ட உடையும். இது நட்டநடுவுல, திருகாணி மாதிரி சுத்தி உடைஞ்சிருக்கு. கையைப் பிடிச்சு முறுக்கினாத்தான் இப்படி ஆகும். எலும்பு பொய் சொல்லாதுங்க."

அவன் கால் தானாகக் கீழே இறங்கியது. தட்டிக் கேட்க ஒரு மனுஷராவது இருக்கிறாரே என்று எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

டாக்டர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பாத்ரூம் கதையை எவனும் நம்ப மாட்டான். வாஷிங் மெஷின் ஓடும்போது உள்ள கையை விட்டுட்டா, துணி சுத்தி முறுக்கிடுச்சுன்னு சொல்லுங்க. நானும் அப்படியே எழுதிடறேன். வெளிய தெரிஞ்சா நமக்குத்தானே அசிங்கம்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அப்போதுதான் அவள் முதன்முதலாக வாய் திறந்தாள். "வலிக்குதுப்பா..."

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா," என்றார் டாக்டர், மகளின் முகத்தைப் பார்க்காமலே. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், மாப்பிள்ளைக்கு ஒரு காபி சொல்லுங்க."