தப்பான பட்டன்

முக்தார் அகமது வேண்டுமென்றே தப்பான பட்டனை அமுக்கினார்.

"இன்னாம்மா இது? வாஷர் வாங்க வந்தவனை எங்கியோ கொண்டுபோய் உட்டுட்டே. ஒரே பேஜாரு."

பக்கத்து நாற்காலியில் இருந்த மோகனா முகம் சுளிக்கவில்லை. நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டாள். கம்பெனிக்கு வெப்சைட் செய்து கொடுக்க வேலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவள். அவளைப் பார்த்தாலே முக்தாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆம்பூரில் ஊரே ஷூ தைத்துக்கொண்டிருக்க, கிருபானந்தத்தின் கம்பெனி தோல் வாஷர் மட்டும் செய்தது. அடிபம்பு, வயலுக்கு மருந்தடிக்கிற பம்பு, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு, எல்லாவற்றுக்கும் உள்ளே போகிற வாஷர். மொத்தம் நானூறு அளவு.

வாங்குகிறவன் ஒருத்தனுக்கும் தனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரியாது. வெளிவட்டத்தைக் கேட்டால் உள்வட்டத்தைச் சொல்லுவான். அங்குலத்தை அளந்துவிட்டு மில்லிமீட்டர் என்று எழுதுவான். அவனுக்குத் திரும்பக் கடிதம் போட்டு, ஃபேக்ஸ் அனுப்பி, கிண்டிக் கிளறிச் சரியான அளவைப் பிடுங்குவதுதான் முக்தாருக்கு இருபத்திரண்டு வருஷ உத்தியோகம்.

இந்தப் பெண் செய்கிற வெப்சைட் தெளிவாக அமைந்துவிட்டால் அந்த உத்தியோகம் காலி. இதற்கு ஜோசியமா பார்க்க வேண்டும்?

அதனால்தான், "நீங்களே கஸ்டமர் மாதிரி உக்காந்து பாருங்க பாய்" என்று முதலாளி கிருபானந்தம் சொன்னதும், இருடி உனக்கு என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மூன்று வாரமாகத் தினம் ஒரு மணி நேரம் இந்தக் கூத்து.

முதல் நாள் நைரோபியிலிருந்து ஆர்டர் போடுகிறவன் மாதிரி குழம்பினார். உள்வட்டத்தையும் வெளிவட்டத்தையும் மாற்றிப் போட்டார்.

மறுநாள் வந்து பார்த்தால் அங்கே ஒரு படம். எங்கிருந்து எதுவரை அளப்பது என்று அம்புக்குறி வேறு.

அடுத்து நாசிக் வியாபாரி மாதிரி அங்குலக் கணக்கை மில்லிமீட்டர் கட்டத்தில் அடித்தார். மறுநாள் அந்தப் பக்கமே அவரைத் திருப்பிக் கேட்டது, இவ்வளவு சின்னதாக இருக்காதே, அங்குலமா என்று.

அவருக்குத் தெரிந்த முட்டாள்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அந்த நோட்டைப் பிடுங்கிக் கிழித்துப் போடலாமா என்று ஒரு நாள் கை துறுதுறுத்தது.

இன்றைக்கு மிச்சம் ஒன்றே ஒன்று. அளவே தெரியாதவன்.

பம்பு பழசு. பெயரில்லை, நம்பரில்லை. கையில் இருப்பது காய்ந்து கிழிந்த ஒரு வாஷர். மாசம் நாலு கடிதமாவது அப்படி வரும். அதற்கெல்லாம் எப்படி அளவு கண்டுபிடிக்கிறீர்கள் என்று கிருபானந்தம் இரண்டு தடவை கேட்டுவிட்டார். "அத உடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று முக்தார் மழுப்பிவிட்டார். அந்தக் கடிதங்களுக்கு மட்டும் ஆபீஸ் ஃபைலில் நகல் கிடையாது. எல்லாம் அவர் வீட்டு பீரோவில் இருந்தன. தன்னை வீட்டுக்கு அனுப்ப முடியாததற்கு அது ஒன்றுதான் காரணம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

முக்தார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எனக்கு அளவு தெரியாதும்மா. கையில கிழிஞ்ச வாஷர்தான் இருக்குது. இப்ப நான் எதை அமுக்கறது?"

மோகனா திரையைப் பார்த்தாள். பேனா நகரவில்லை.

முக்தாருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அந்தக் கிழிஞ்சதையே ஸ்கேல் வெச்சு அளந்து போடுங்கன்னு எழுதிடறேன் பாய்" என்றாள் அவள், பெரிதாக ஒன்றுமில்லை என்பது போல.

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று வாரமாகப் படுத்தி எடுத்தவள், கடைசியில் தோலைப் பற்றி இவ்வளவுதானா தெரிந்து வைத்திருக்கிறாள்?

"காஞ்ச தோலை அளப்பியா நீ? காஞ்சா சுருங்கும்மா! ஒரு நூல் கம்மியா வரும், வாஷர் தண்ணியே இழுக்காது. அதை மொதல்ல ஒரு நாள் பூரா தண்ணியில ஊறப்போடச் சொல்லணும். விரிஞ்சப்புறம் பேப்பர் மேல வெச்சு, பென்சிலால சுத்தி வரையணும். பக்கத்துலயே அவங்க ஊரு காசு ஒண்ணு வெச்சு அதையும் வரையணும். ஃபேக்ஸ்ல படம் சின்னதாப் போனாலும் காசு காட்டிக் குடுத்துடும். இது கூடத் தெரியாம வெப்சைட்டு போட வந்துட்டே!"

சொல்லி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. மூன்று வாரத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் யாரையும் திட்டவில்லை.

மோகனா மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தாள்.

'பழைய வாஷர் மட்டும்தான் கையில் இருக்கிறதா?' என்று மேலே ஆங்கிலத்தில் தலைப்பு இருந்தது. கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். எண்களுக்கு எதிரே எதுவுமில்லை. பக்கத்தின் அடியில் அதைச் செய்த தேதி இருந்தது. முக்தார் இந்த நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்த தேதி.

அவர் அந்தத் தேதியை இன்னொரு தடவை படித்தார்.

அவள் ஊறப்போடுவதை ஒன்றில் அடித்தாள். பென்சிலை இரண்டில். காசை மூன்றில். அவசரமே படவில்லை. பிறகு எழுந்துபோய் முதலாளியின் அறைக்கதவைக் கொஞ்சம் தள்ளினாள்.

"சார், அதுவும் வந்துடுச்சு."

உள்ளேயிருந்து கிருபானந்தத்தின் குரல் கேட்டது.

"மூணே வாரத்துலயா? நான் ரெண்டு மாசமாவது ஆகும்னு நெனச்சேன்."