மூச்சு பார்க்கும் கிளிப்

வயலிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த கேதீசனை இன்றைக்கும் அந்த அலாரம்தான் தூக்கிப்போட்டது. வியர்த்து விறுவிறுத்து, நெஞ்சு படபடக்க எழும்பினான். பக்கத்தில் பிள்ளை நிம்மதியாக நித்திரை கொண்டது.

"தர்சிகா! உன்ரை சுவிஸ் அண்ணன் அனுப்பின சாமான் என்னைக் கொல்லப்போகுது!"

பெருவிரல் அளவு கிளிப் அது. குழந்தையின் உடுப்பில் கொளுவிவிட்டால் வயிறு அசைவதைக் கவனித்தபடி இருக்கும். மூச்சு நின்றால், வயர் இல்லாமலே பக்கத்திலுள்ள போனை அலறவைக்கும்.

குசினியில் சட்டிபானை கழுவிக்கொண்டிருந்த மனைவி தர்சிகா ஓடிவந்து அவனுடைய முகத்தையே பார்த்தாள். "அது சும்மா அடிக்காதப்பா."

"சும்மாதான் அடிக்குது! ஒரு கிழமையா நான் கண்ணை மூடினால் போதும், கத்தத் தொடங்கியிடும். செல்லடிக்குப் பயந்து பங்கருக்குள்ளை வளர்ந்த எங்களுக்கு எந்த மிசின் காவலிருந்தது? குறட்டைக்கு டொக்டரிட்டைப் போ எண்டு என்னை அரிக்கிறாய். நோய் வருத்தம் எனக்கில்லை, இந்த மிசினுக்கு!"

அவள் போனை எடுத்து அலாரத்தை நிறுத்தினாள்.

"இண்டைக்கு இதைக் குளத்துக்குள்ளை எறியாமல் விடமாட்டன்." பிள்ளையின் உடுப்பைத் தடவினான். கிளிப் இல்லை. மெல்லத் திருப்பிப் பார்த்தான். முதுகுப்பக்கமும் இல்லை.

"எங்கை கொளுவினனி? பிள்ளையிலை காணேல்லை!"

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டு எனக்கும் தெரியும்," என்றாள் தர்சிகா. "நீங்கள் நித்திரையானாப் பிறகுதான் கொளுவிறனான்."

அவளுடைய பார்வை போன இடத்தைக் கேதீசன் குனிந்து பார்த்தான்.

அவனுடைய சாரத்தின் இடுப்பு மடிப்பில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.