நிலானியின் பசி

மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதிலிருந்து தமயந்திக்கு அடங்காத பசி. எடை ஏறக் கூடாதென்று ஆஸ்பத்திரிக்காரர்கள் அவள் வீட்டின் பேசும் ஃப்ரிட்ஜுக்கும் அலமாரிக்கும் அளவு வைத்துவிட்டார்கள். அவள் பங்கு தீர்ந்தால் எதுவும் திறக்காது. மகள் நிலானி கேட்டால்தான் திறக்கும்.

“பசிக்குதுன்னு சொல்லுடி, தங்கம்.”

நிலானி தினமும் சொன்னாள். வந்த தயிர்சாதத்தைத் தமயந்தி நின்றபடியே வழித்துத் தின்றாள்.

இன்று பள்ளிவிட்டு வாடி வந்த குழந்தை தானாகவே ஃப்ரிட்ஜிடம் போய், “பசிக்குது” என்றாள்.

“ரொம்பச் சாப்பிடுறே பாப்பா. இனிமே உனக்கும் அளவுதான்” என்று ஃப்ரிட்ஜ் ஒரு வெள்ளரிக்காயை மட்டும் வெளியே தள்ளியது.

தமயந்தி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் நாளை தனக்கு ஒன்றும் கிடைக்காதே என்று மூடிக்கொண்டாள்.

நிலானி வெள்ளரிக்காயை ஒடித்து, பெரிய துண்டை அம்மாவிடம் நீட்டினாள்.

தமயந்தி வாங்கிக்கொண்டாள்.