ஐம்பதாவது நாற்காலி

நாற்காலிக் கடையில் ஆர்டர்களைக் கணினியில் ஏற்றுவது செண்பகவல்லியின் வேலை. மெஸ் நடத்தும் தங்கப்பழம் ஐம்பது நாற்காலி கேட்டிருந்தார். நாற்பத்தொன்பது போய்ச் சேர்ந்தது. குறைந்த ஒன்றைத் தாமே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சொன்னபடி சனிக்கிழமைதோறும் வந்தார். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அவளோடு டீ குடித்தார், சிரிக்கச் சிரிக்கப் பேசினார், நாற்காலியை விட்டுவிட்டுப் போனார். காலையில் கணினியைத் திறந்தால் 'அனுப்ப வேண்டியது: 1' என்று அந்த ஆர்டர்தான் முதலில் வந்து நிற்கும். இப்படியே எட்டு மாதம். "இன்னைக்கு அதை முடிச்சு விட்ரும்மா," என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றும் சனிக்கிழமை. தங்கப்பழத்தின் டீ காலியானதும் செண்பகவல்லி டெலிவரி சீட்டை நீட்டினாள். "இதோட உங்க ஆர்டர் முடிஞ்சுது சார்."

தங்கப்பழம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். திரும்பினார்.

"இன்னொண்ணு எழுதிக்கோங்க. அவசரமில்ல."

"என்னைக்கு வேணும்? தேதி போடலன்னா இது ஏத்துக்காது."

"நீங்களே பாத்துப் போடுங்க."

செண்பகவல்லி திரையில் மாதங்களைத் தள்ளினாள், வருடங்களைத் தள்ளினாள். இருபது வருடம் கழித்து வரும் ஒரு சனிக்கிழமையாகப் பார்த்துப் போட்டாள். கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.