வாஞ்சூர் எல்லைவரை

என்ஜின் நின்றபோது விமானம் வரிச்சிக்குடிக்கு மேலே இருந்தது.

முன்னால் விசிறி மட்டும் காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் இரண்டு ஸ்பீக்கரிலும் வெறும் காற்றுச் சத்தம். பக்கத்து நாற்காலியில் மடியில் முறத்தோடு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தேவிகா, கையை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

விமானம் ஓட்டும் இந்த விளையாட்டை எங்கள் மகள் சிவப்ரியா போன மாதம் போட்டுக்கொடுத்துவிட்டு பெங்களூர் போனாள். ஐம்பத்தெட்டு வயதில் உனக்கு இது தேவையா என்றால் தேவையில்லைதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு ஆனதும் விமானி ஆகிவிடுகிறேன்.

இன்றுதான் முதல்முறையாக தேவிகாவையும் ஏற்றிக்கொண்டேன். திருச்சியில் கிளம்பி, நம்ம கடற்கரையோரமாகப் பாண்டிச்சேரி. வழியில் வரிச்சிக்குடியில் அவள் அப்பா வீட்டை மேலிருந்து காட்டுவதாகச் சொல்லியிருந்தேன்.

வீடு எது என்று தெரியாமல் மூன்று முறை வட்டமடித்தேன். "அந்தா, வாய்க்காலுக்கு மேக்கால, அதாங்க!" என்று கீரைக் கையோடு திரையைத் தொட்டாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாகிறது.

அந்த மூன்று வட்டத்தில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

இந்த விமானத்துக்கு இரண்டு இறக்கையிலும் டேங்க் உண்டு. பெட்ரோல் காட்டும் இரண்டு முள்ளும் அடியில் படுத்துக் கிடந்தன.

வெட்கக்கேடு என்னவென்றால், விளையாட்டில் பெட்ரோலுக்குக் காசு கிடையாது. கிளம்பும் முன் திரையில் ஒரு பட்டை வரும். மவுஸால் கடைசிவரை இழுத்தால் டேங்க் நிரம்பிவிடும். நான் கால்வாசியிலேயே நிறுத்திவிட்டேன். திருச்சி தமிழ்நாடு, பாண்டிச்சேரி நம்ம பக்கம், அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று என் கை என்னைக் கேட்காமலே முடிவுசெய்திருக்கிறது.

பாண்டிச்சேரியோடு சேர்ந்த எங்கள் காரைக்காலில் வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் பெட்ரோல் போடுவது பாவம் மாதிரி. லிட்டருக்கு நாலைந்து ரூபாய் கூடுதல். முள் அடியில் கிடந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, காரைக்கால் தொடங்கும் வாஞ்சூர் எல்லைவரை வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் என்னவோ சாதித்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் நான் வந்துசேரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். தேவிகாவின் அண்ணன் தமிழ்ச்செல்வன் வரிச்சிக்குடியிலிருந்து போன் செய்தார். அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது, தேவிகா பேரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், உடனே வாங்க என்றார்.

காரில் பெட்ரோல் விளக்கு காலையில் எல்லை தாண்டியதிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. வழியில் இரண்டு பங்க். இரண்டையும் தாண்டினேன். அவசரத்தில் தாண்டிவிட்டேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவசரமெல்லாம் இல்லை, பழக்கம்.

நாகூருக்கு முன்னால் கார் நின்றது.

அவளை மரத்தடி நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு, பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டேன். பெட்ரோல் பம்பு போய்விட்டது, சரிசெய்ய ஆள் வருகிறது என்றேன். பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த நெய்னா முகம்மது என்பவர் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றிவிட்டுப் போனார். நாற்பது நிமிடம் போய்விட்டது.

நாங்கள் வரிச்சிக்குடி போனபோது தலைமாட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். உயிர் போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை என்றார்கள்.

பம்பு போன கதையை நான் மாற்றவே இல்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாய்வரை வந்திருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவேன். நாலு ரூபாய்க்காக அப்பாவின் கடைசி மூச்சைப் பார்க்கவிடாமல் செய்தவன் என்று தெரிந்தால், அவள் என்னோடு ஒரே வீட்டில் இருப்பாளா?

திரையில் வயல் பெரிதாகிக்கொண்டே வந்தது. கைக்குக் கிடைத்த பொத்தானையெல்லாம் அழுத்தினேன். இடது டேங்குக்கு மாற்றினேன், வலதுக்கு மாற்றினேன், மறுபடி இடது. ஊற்றாதது எங்கிருந்து வரும்?

"என்ஜின்ல என்னமோ கோளாறு தேவிகா" என்றேன்.

அதை நான் சொன்ன வேகத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஒரு விளையாட்டு விமானத்துக்கு, அதுவும் அவளிடம், பொய் அவ்வளவு தயாராக இருந்தது.

விமானம் அவள் அப்பா வீட்டுக்குப் பின்னால் வயலில் மூக்கு குத்தி நின்றது. திரை கறுத்தது. கறுத்த திரையில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். நான் அவளைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெட்ரோல் இல்லீங்க. அன்னைக்கும் அதான்" என்றாள் தேவிகா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் மறுபடி கீரையை ஆயத் தொடங்கினாள்.

"அந்தப் பஞ்சர் கடைக்காரரு பாட்டில்ல ஊத்துனத மரத்தடியிலேருந்து பாத்துக்கிட்டுதானே நின்னேன். அண்ணன் நம்பலீங்க. காரத் தொறந்து பாக்குறேன்னு எங்கிட்ட உங்க சாவியக் கேட்டுச்சு. நாந்தான் அப்பா காலத் தொட்டு சத்தியம் பண்ணேன், பம்புதான் போச்சுன்னு."