மொத்த எடை

எழுபத்திரண்டு என்று சொல்லிவிட்டான்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பிளஸ் ஒன் படிக்கும்போது அவன் எடை அதுதான். கொஞ்சம் பழைய செய்தி.

முன் சீட்டில் இருந்த சாதிக் அதை அப்படியே மீட்டரில் சேர்த்தான். காரின் எடை, டேங்கில் கிடந்த பெட்ரோலின் எடை, ஓட்டப்போகிற பெனிட்டாவின் ஐம்பத்தெட்டு, தன்னுடைய ஐம்பத்துநான்கு, கடைசியாகப் பின் சீட்டு எழுபத்திரண்டு.

மொத்தம் 974 கிலோ.

முன் கண்ணாடியில் ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிய அந்த மீட்டர் ஒரு சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். வண்டி எவ்வளவு விரைவாக வேகம் பிடிக்கிறது என்பதை அதுவே கண்டுபிடித்துவிடும். எடையை மட்டும் நாம் சொல்ல வேண்டும். இரண்டையும் வைத்து இஞ்சினின் குதிரைத்திறனைக் கணக்குப் போடும். அதே வேகத்துக்கு எடை கூடினால் திறனும் கூடும்.

சொன்னதை நம்பும். அப்பாவி.

பெனிட்டா தன் எடையை பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொன்னாள். அவனுக்குத்தான் யோசிக்க நேரம் கிடைத்துவிட்டது.

"ஏல, சட்டுனு சொல்லு. பொண்ணு வீட்டுலயா கேக்காவ?" என்று சாதிக் வேறு திரும்பிப் பார்த்தான்.

திருநெல்வேலி பைபாஸைத் தாண்டி, சன்ரைஸ் நகர், இரண்டாம் கட்டம். நேரான தார் ரோடு. இரண்டு பக்கமும் மஞ்சள் கல். ஒரு வீடு கிடையாது. நகர் மட்டும் இருந்தது.

போன மாதம் இதே ரோட்டில், இதே காரில், பழைய காற்றுக்குழாயோடு அளந்தபோது அறுபத்தொரு குதிரைத்திறன் காட்டியது. அன்றைக்கு அவன் காருக்குள் இல்லை. ரோட்டோரம் நின்று ஆடு விரட்டினான். பி.இ. நான்காம் ஆண்டு, இயந்திரவியல்.

இன்று வெயில் அதிகம் என்று பெனிட்டாதான் உள்ளே ஏறச் சொன்னாள்.

இன்று புதுக் குழாய். இஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்று போக அவள் நான்கு மாதம் வளைத்து, உடைத்து, மறுபடி வளைத்தது. திறன் கூடினால் அதுதான் அவர்கள் பிராஜெக்ட். கூடாவிட்டால், எல்லா வருடமும் எல்லோரும் செய்கிற சோலார் புல்வெட்டியையே செய்யச் சொல்லிவிட்டார் துறைத் தலைவர். நாளை ரிவ்யூ.

பெனிட்டா கிளட்சை விட்டாள். அவன் முதுகு சீட்டோடு ஒட்டியது.

போய் ஒரு தடவை. காற்று ஏமாற்றிவிடக் கூடாது என்று திரும்பி வந்து ஒரு தடவை.

அறுபத்தொன்று.

மறுபடி போனார்கள். மறுபடி வந்தார்கள்.

அறுபத்தொன்று.

பெனிட்டா இஞ்சினை அணைத்தாள். இறங்கினாள். பானெட்டைத் திறந்து, ஸ்பானரை எடுத்து, குழாயின் கிளாம்பைத் தளர்த்த ஆரம்பித்தாள். கோபமாகக்கூட இல்லை. அதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

"புல்வெட்டிக்கு மோட்டார் எங்க கெடைக்கும், சாதிக்?"

டவுனில் கிடைக்கும் என்று சாதிக் தன் செருப்பிடம் சொன்னான்.

பின் சீட்டில் அவன் ஒரு கணக்குப் போட்டான். ரொம்பச் சின்னக் கணக்கு. இருபத்துநான்கு கிலோ. அதைச் சேர்த்தால் அறுபத்தொன்று எவ்வளவாகும் என்பது இரண்டாம் செமஸ்டர் பாடம். அவன் பாஸான சில பாடங்களில் ஒன்று.

சும்மா இருந்தால் போதும். யாருக்கும் தெரியாது. மீட்டருக்கே தெரியாது.

சாதிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வகுப்பில் பட்டப்பெயர் வைக்கிற துறைக்கு அவன்தான் தலைவர். வார்டனுக்கு அவன் வைத்த பெயரில்தான் கூரியரே வருகிறது.

முதல் கிளாம்ப் கழன்றது.

இறங்கினான். கார் லேசாக மேலே எழும்பியது. அது வேறு.

"தொண்ணூத்தாறு," என்றான்.

பெனிட்டா நிமிர்ந்தாள்.

என் வெயிட்டு, என்றான். எழுபத்திரண்டு இல்ல.

மஞ்சள் கல்மேல் நின்ற ஓர் ஆடு அவனை முழுதாக ஒரு தடவை பார்த்தது.

சாதிக் வாயைத் திறந்தான். இவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நானும்தாம்ல எட்டு கிலோ கூட்டிச் சொன்னேன்," என்றான் சாதிக். "நெசத்துக்கு நாப்பத்தாறு."

பெனிட்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லா வருவீங்கல, ரெண்டு பேரும்," என்றாள். கிளாம்பை மறுபடி முறுக்க ஆரம்பித்தாள்.

சாதிக் மீட்டரில் எடையைத் திருத்தினான். ஏறினார்கள். போய் ஒரு தடவை. வந்து ஒரு தடவை.

அறுபத்திரண்டரை.

பெனிட்டா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று கேட்க இருவருக்கும் தைரியம் வரவில்லை. பிறகு தலையைத் தூக்கி, போனை எடுத்து, எண்ணைப் படம் பிடித்தாள்.

அவளும் சாதிக்கும் மீட்டரின் கீழ்வரியில் குதிரைத்திறனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் மேல்வரியைப் பார்த்தான். எடை.

998.

பழைய மொத்தத்தோடு தன் இருபத்துநான்கைக் கூட்டிப் பார்த்தான். 998 வந்தது. அதில் சாதிக்கின் எட்டைக் கழித்துப் பார்த்தான். 990 வர வேண்டும்.

இன்னொரு தடவை போட்டான். கணக்கு சரிதான்.

கொஞ்ச நேரம் வெளியே பார்த்தான். ஆடு போய்விட்டிருந்தது.

"நாப்பத்தாறால?" என்றான்.

"ஆமால," என்றான் சாதிக், திரும்பாமல்.